மழையைத் தடுக்க ஒரு கன்னிப்பெண்

என் தங்கை லின்தாங்கின் கல்யாணத்துக்குத் தேதியை அம்மா முடிவு செய்தாள், இடத்தை லின்தாங் முடிவு செய்தாள். மழையை மட்டும் இரண்டு பேரும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பிறந்த கிழமைகளைக் கூட்டிக் கழித்து அம்மா கண்டுபிடித்த நல்ல நாள் நவம்பரில் வந்து விழுந்தது. நவம்பரில் மெராப்பி மலைச்சரிவில் மத்தியானம் ஆனால் மழை கொட்டும் என்பது எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். லின்தாங்குக்கோ மண்டபம் என்றாலே ஆகாது. "ஆயிரம் பேரு வந்து கை குலுக்கிட்டு, சாப்பிட்டுட்டு, பொண்ணு பேரு என்னன்னுகூடத் தெரியாமப் போற கல்யாணம் எனக்கு வேணாம்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் இப்போது ஒரே மாதிரிக் கல்யாணம்தான் பிடிக்கிறது. புல்வெளி, நூறு பேர், வெள்ளைத் துணி, மரத்துக்கு மரம் குண்டு பல்பு, ஓரத்தில் ஒரு காபி வண்டி. தனித்துவமாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

தங்கைக்கு ஒத்தாசையாக இருக்க ஜகார்த்தாவிலிருந்து ஒரு வாரம் முன்பே வந்துவிட்டேன் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மையில் அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்ல வந்தேன். ஜகார்த்தாவில் நான் தனியாக இல்லை. மூன்று வருடமாகத் தோகார் என்கிறவனோடு ஒரே அறையில் குடியிருக்கிறேன். அவன் வடக்கு சுமத்ராவிலிருந்து வந்தவன், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவன். நான் ரமலானில் நோன்பு இருக்கிறவள். அவனும் மாற மாட்டான், நானும் மாற மாட்டேன். இரண்டு பேரும் மாறாமல் போய் நின்றால் எங்கள் கல்யாணத்தை எழுதிக்கொள்ள இந்த நாட்டில் ஒரு மேஜை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் ஜனவரியில் ஆஸ்திரேலியா போகிறோம். தோட்டத்தில் பழம் பறிக்கிற வேலை, அங்கேயே பதிவுத் திருமணம். என் வயதில் பாதிப் பேர் இப்படித்தான், முதலில் ஓடிவிடுவோம், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அம்மாவுக்குத் தெரியாமல் ஓடத்தான் மனசு வரவில்லை. திங்கட்கிழமை ரயில் ஏறுவதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று தோகாருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வந்த நாளிலிருந்து அம்மா எதிரில் போய் வாயைத் திறப்பேன். "என்னடி?" என்பாள். "பூ வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். அந்த வாரத்தில் எத்தனை முறை பூவைப் பற்றி விசாரித்தேன் என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமை காலையில் நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. தோட்டத்துக்கு நடுவில் இருந்த சின்ன மரக் கொட்டகையில் அப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிக்காஹ் வாசகத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பிறகு ஒரு நாற்காலியில் சாய்ந்து பத்திக் சட்டை கசங்கத் தூங்கிவிட்டார். மத்தியானம் விருந்து. அதற்குள் உடை மாற்றி, முகத்தைத் துடைத்து, வேறு முகம் போட்டுக்கொள்ள லின்தாங் உள்ளே போனாள். அப்போதுதான் அம்மாவின் அக்கா, எங்கள் பூடே, சமையல் கொட்டகையிலிருந்து வேகவேகமாக வந்தாள். ஒரு கையில் எலுமிச்சைப்புல் கட்டு. இன்னொரு கையில் மூங்கில் குச்சியில் கோத்த சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும்.

"மலையைப் பாத்தீங்களாடி? மலையைக் காணோம்!"

நிமிர்ந்து பார்த்தோம். காலையில் தெளிவாக நின்ற மெராப்பி இருந்த இடத்தில் ஈயப் பாத்திரம் போல ஒரு சாம்பல் நிறம் கவிழ்ந்திருந்தது. 

"கிரணா, உன் போன் என்ன சொல்லுது?" என்று பூடே கேட்டாள். கிரணா கல்யாண ஏற்பாட்டு நிறுவனத்துப் பெண். காதில் ஒரு கருவி, கையில் ஒரு கருவி, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"நாப்பது சதவீதம், பூடே."

"நாப்பது சதவீதம்னா நனைவோமா, மாட்டோமா?"

"நாப்பது சதவீதம் நனைவோம்."

"இதுக்கு நீ போனைப் பாக்காமலே இருந்திருக்கலாம்" என்றாள் பூடே.

மழை கட்டுகிற ஆள் ஒருவரை அமர்த்துவதாகத்தான் அம்மா முதலில் சொன்னாள். லின்தாங் கேட்கவில்லை. "என் கல்யாணப் படத்துல பின்னாடி ஒருத்தர் சிகரெட் புகைய விட்டுக்கிட்டு வானத்தப் பாத்து முணுமுணுத்துக்கிட்டு நிக்கணுமா? நாம படிச்சவங்கம்மா!" என்று சண்டை போட்டாள். இப்போது படித்தவள் அலங்கார அறை ஜன்னலிலிருந்து பாதி ஒட்டிய இமையோடு எட்டிப் பார்த்து, "யாராவது எதையாவது பண்ணுங்களேன்!" என்று அலறினாள்.

"அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள் பூடே. "ஒரு கன்னிப்பொண்ணு இதத் தலைகீழா, வேர் மேல வர்ற மாதிரி மண்ணுல நட்டுட்டா மழை தள்ளிப் போயிடும். யாரு நடுறீங்க?"

தோழிப் பெண்கள் நாங்கள் ஐந்து பேர் ஒரே பச்சை நிறத்தில் நீளமான கெபாயா அங்கி போட்டு வரிசையாக நின்றிருந்தோம். அதுவரை கிளிக்கூட்டம் மாதிரிக் கத்திக்கொண்டிருந்த வரிசை அப்படியே அடங்கிப் போனது. 

என் ஒன்றுவிட்ட தங்கை ஃபர்ஹாதான் முதலில் வாயைத் திறந்தாள். "மன்னிச்சிடுங்க பூடே. மழை அல்லாஹ் குடுக்கிறது. புல்லு நட்டு அதத் தடுக்கிறதெல்லாம் மார்க்கத்துல கூடாது." ஃபர்ஹா ஒரு காலத்தில் எந்த ஊரில் பாட்டுக் கச்சேரி நடந்தாலும் முதல் வரிசையில் நிற்பாள். பிறகு மனம் திரும்பி, பழைய படங்களை எல்லாம் அழித்துவிட்டு, நீளமான முக்காடு போட்டுக்கொண்டாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. சொல்லிவிட்டு அவள் பின்னால் நகர்ந்த வேகம்தான் மார்க்கத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

இன்னொருத்தி பேசவே இல்லை. பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். நேற்று ஒட்டிய நகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முத்து. மண்ணைத் தொட்டால் போச்சு.

"ஏன் பூடே, பொண்ணுதான் நடணுமா?" என்று ஆரம்பித்தாள் டிண்டா. லின்தாங்கின் கல்லூரித் தோழி, எதற்கும் வழக்காடுகிறவள். "ஆம்பளைங்கள்ல கன்னி இல்லையா? மழை பெஞ்சாக்கூட எங்க கற்பத்தான் சோதிக்கணுமா?"

"அதானே! குடுங்க பூடே, நான் நடுறேன்!" என்று பந்தலுக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த என் மாமா மகன் பகஸ் கையைத் தூக்கினான். "நானும் சுத்தக் கன்னிதான்!"

சமையல்காரப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்த கண்கள் எல்லாம் டிண்டா பக்கம் திரும்பின. பகஸும் அவளும் இரண்டு வருடமாக ஜோடி என்பது ஊருக்கே தெரியும். டிண்டாவின் காது சிவந்துவிட்டது. "வாய மூடிக்கிட்டு கம்பிய இழு" என்று அவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். கன்னிகளின் உரிமையைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

நாலாவதாக நின்றவளுக்கு அந்த நேரம் பார்த்துத் தலை சுற்றியது. பூடே கிரணாவைப் பார்த்தாள். கிரணா சிரிப்பு மாறாமல், "சடங்குல எங்க ஆளுங்க கலந்துக்கக் கூடாது, கம்பெனி விதி" என்றாள். அப்படி ஒரு விதி அவள் நாக்கில் அந்தக் கணத்தில்தான் பிறந்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

யாருக்கும் புல்லைப் பற்றிப் பயம் இல்லை. நட்ட பிறகு மழை வந்தால் என்ன ஆகும் என்பதுதான் பயம். நூறு பேர் நனைந்துகொண்டு, யார் நட்டது என்று கேட்பார்கள். நாளைக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் கூடுகிற சீட்டுக் கூட்டத்தில் அதுதான் பேச்சாக இருக்கும். காபி வண்டியும் குண்டு பல்பும் வந்த இந்த ஊரில் இது மட்டும் மாறவே இல்லை. கோபம் கோபமாக வந்தது எனக்கு.

"என்னடி இது, கன்னிப்பொண்ணுக்கு இவ்வளவு பஞ்சமா?" பூடே நிஜமாகவே கலங்கிப்போனாள். "அப்ப இன்னொண்ணு இருக்கு. கல்யாணப் பொண்ணோட உள்ளாடைய எடுத்துக் கூரை மேல வீசணும். அதுவும் கேக்கும்."

"பூடே!" என்று ஜன்னலிலிருந்து கத்தல் வந்தது. "மேல டிரோன் பறக்குது!"

அப்போது யாரோ சொன்னார்கள். "வெனிங் இருக்காளே. அக்காக்காரி. இன்னும் கல்யாணம் ஆகல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள்.

அம்மாவின் அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். வீடியோவில் பேசும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள், என் தோளுக்குப் பின்னால் பார்ப்பாள். ஒருமுறை தோகாரின் சட்டை கொடியில் தொங்கியது. "அது யாரு சட்டை?" என்றாள். "ஆபீஸ்ல குடுத்தாங்கம்மா." "உனக்கு எதுக்கு அவ்வளவு பெரிசு?" "தூங்குறதுக்கு." அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமலே மூன்று வருடம் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வேணாம்னா விட்டுடு" என்றாள் அம்மா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கூடாரம் எங்கயாவது வாடகைக்குக் கிடைக்குதான்னு கேப்போம்."

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது போல நின்றாள். ஒரு வார்த்தை போதும். "ஆமாம்மா, கூடாரத்துக்குச் சொல்லு" என்றிருந்தால் மிச்சத்தை அவளே புரிந்துகொண்டிருப்பாள். நான் சொல்ல வேண்டியிருந்ததும் அதுதானே? ஆனால் என் கை தானாக நீண்டது. "குடுங்க பூடே, எங்க நடணும்?" என்று என் வாய் கேட்டது. எவ்வளவு வேகமாகக் கேட்டேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கொட்டகைக்குப் பின்னால், வேலி ஓரம், மண் இளகின இடம். பூடே சொல்லிக்கொடுக்க, இலை கீழே போகும்படி, வேர் வானத்தைப் பார்க்கும்படி புல்லை ஊன்றினேன். பக்கத்தில் மிளகாய்க் குச்சி. பிஸ்மில்லா சொல்லச் சொன்னாள், சொன்னேன். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதைப் பக்தி என்று பூடே எடுத்துக்கொண்டாள். அம்மா பக்கத்தில் நின்று என் கெபாயாவின் ஓரம் மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு என் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. நாற்காலிகளுக்கு ரிப்பன் கட்டினேன், கட்டினதையே அவிழ்த்து மறுபடி கட்டினேன். காபி வண்டிக்காரனிடம் இரண்டு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். இடி எங்கேயோ தொலைவில் உருண்டது. உருளும்போதெல்லாம் சமையல்காரப் பெண்கள் வானத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததாக என்னைப் பார்த்தார்கள்.

கார்கள் நிறுத்தியிருந்த பக்கமாகப் போய்த் தோகாரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"உன்னையா கேட்டாங்க? உன்னையா?"

"சிரிக்காதே."

"சரி, என்ன சொல்லித் தப்பிச்சே?"

"தப்பிக்கல. நட்டுட்டேன்."

சிரிப்பு நின்றது. பின்னால் அவன் அறையில், அதாவது எங்கள் அறையில், மின்விசிறி கடகடக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு உடனே அங்கே போய்விட வேண்டும் போலிருந்தது.

"நீ இன்னும் சொல்லாம இருக்கிறது ஒண்ணு" என்றான் தோகார். "அத நான் பொறுத்துக்கிட்டேன். இது வேற. நான்னு ஒருத்தன் இல்லவே இல்லைன்னு மண்ணுல நட்டு வெச்சிருக்கே."

"அத்தனை பேரு முன்னாடி என்ன சொல்லச் சொல்றே? கன்னி இல்லேன்னு கையைத் தூக்கச் சொல்றியா?"

"எனக்குத் தெரியாது, வெனிங். நான் இப்ப உக்காந்து மழை வரணும்னு ஜெபிக்கப் போறேன்."

"என் தங்கச்சி கல்யாணம்டா!"

"அவளுக்காக வருத்தமாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டான்.

வருத்தமும் கோபமுமாக ஒரு காரின் மேல் சாய்ந்து நின்றேன். மழை வந்தால் லின்தாங்கின் கல்யாணம் சேறாகும், என் பேரும் சேறாகும். வராவிட்டால் என் பொய்க்கு வானமே சாட்சி சொன்ன மாதிரி ஆகும். எது வேண்டும் என்று என்னையே கேட்டேன். ஒரு நிமிடம் மழை வேண்டும் என்று தோன்றியது, மறு நிமிடம் வேண்டாம் என்று தோன்றியது.

விருந்து தொடங்கியது. பாடகி மெதுவான ஒரு காதல் பாட்டை எடுத்தாள். லின்தாங் வெள்ளை உடையில் நடந்து வந்தபோது, சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தாள். குச்சியில் குத்தித் தணலில் வாட்டுகிற ஆட்டு சாத்தேயின் புகை புல்வெளியில் தாழப் பரவியது. வானம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. 

அப்போது வாசல் பக்கம் சலசலப்பு. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் மழைக்கோட்டோடு, தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா தன் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார்.

"கீழ சந்தை கிட்ட ஊத்து ஊத்துன்னு ஊத்துது! ரோடே தெரியல!" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார். உலர்ந்த புல், உலர்ந்த நாற்காலி, காற்றில் ஆடும் வெள்ளைத் துணி. "இங்க ஒரு சொட்டுகூட இல்லையா?"

மலை மேலிருந்து வந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்களாம், மேலேயும் மழை. வேலிக்கு அந்தப் பக்கம் நாலு வயல் தள்ளி வெள்ளைத் திரை போட்ட மாதிரி மழை பெய்வதை நாங்களே பார்த்தோம். சத்தம்கூடக் கேட்டது. எங்கள் தோட்டத்தின் மேல் மட்டும் விழவில்லை. மலைப்பக்கத்து மழைக்கு அந்தக் குணம் உண்டு, ஒரு தெருவில் பெய்யும், அடுத்த தெருவில் பெய்யாது. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கொட்டகைக்குப் பின்னால் அந்தப் புல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

பூடேயின் வாய் சும்மா இருக்குமா? நேராக நிகழ்ச்சி நடத்துகிறவரிடம் போய்க் காதில் ஓதினாள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, நண்பர்களே! மேலயும் மழை, கீழயும் மழை, நடுவுல நாம மட்டும் நனையாம சாத்தே சாப்பிடுறோம். இதுக்குக் காரணமான புனிதமான கை யாரோடது தெரியுமா? நம்ம கல்யாணப் பொண்ணோட அக்கா, செல்வி வெனிங்! ஒரு கைத்தட்டல் குடுங்க!"

நூறு பேரும் தட்டினார்கள். அப்பாகூட விழித்துக்கொண்டு, எதற்கு என்று தெரியாமல் தட்டினார். டிரோன் என் தலைக்கு மேல் வந்து நின்றது. நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய? முகம் தெரியாத ஓர் அம்மாள் வந்து என் கையைத் தொட்டுப் பார்த்து, "அடுத்த மாசம் எங்க வீட்டுலயும் விசேஷம் இருக்கு, நீதாம்மா வந்து நட்டுத் தரணும்" என்றாள். ஆஸ்திரேலியாவில் இதற்குத் தனியாகச் சம்பளம் தருவார்களோ என்னவோ.

டிண்டா இரண்டு கோப்பையில் ஐஸ் தாவெத், தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்ட பானம், கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேக்காதே."

"சரி" என்றாள். இரண்டு பேரும் தாவெத்தை உறிஞ்சினோம். ஃபர்ஹாவும் வந்து உட்கார்ந்தாள். முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "நான் மார்க்கத்துக்காக மட்டும் சொல்லலக்கா. நட்டா மழை வந்துடும்னு பயமா இருந்துச்சு" என்றாள். டிண்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் அவளையும் அவள் இவளையும் பல மாதமாகக் கேலி பேசிக்கொண்டிருந்தவர்கள்.

அங்கே அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து கொட்டகைப் பக்கம் போனேன். அம்மா அங்கே இருந்தாள். வேலி ஓரம், தலைகீழாக நின்ற அந்தப் புல்லுக்கு எதிரில், பூக்காத செம்பருத்திச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா அழுவது சகஜம்தான் என்று நினைத்தேன்.

"வெனிங், இங்க வா" என்றாள். "இன்னைக்கு உங்கிட்ட ஒண்ணு சொல்லியாகணும்."

"சொல்லும்மா."

"நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்." அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஜகார்த்தாவுல நீ எப்படி இருக்கியோ, யாரோட இருக்கியோன்னு. போன்ல பேசுறப்ப பின்னாடி எட்டி எட்டிப் பாத்தேன். அந்தச் சட்டையைப் பாத்துட்டு ராத்திரி பூரா தூங்கல. உங்க அப்பாகிட்டகூடச் சொல்லல, நானே வெச்சுக்கிட்டு மருகினேன். இன்னைக்குக் காலையில உன்னை நடச் சொன்னப்பவும், இவ மாட்டேன்னுதான் சொல்லப் போறான்னு நெனச்சேன். பெத்த பொண்ணப் போய் அப்படி நெனச்சேனே." அவள் குரல் உடைந்தது. "என்னை மன்னிச்சிடும்மா."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். மூன்று வருடமாகச் சரியாக நினைத்துக்கொண்டிருந்த அம்மா, தப்பாக நினைத்துவிட்டேன் என்று என் எதிரில் அழுதாள். தலை குனிந்து, என் பதிலுக்காகக் காத்திருந்தாள். "பரவாயில்லம்மா" என்று நான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை ரயில் ஏறலாம், ஜனவரியில் விமானம் ஏறலாம். அவள் சாகிற வரைக்கும் என்னிடம் ஒரு குற்ற உணர்ச்சியோடு இருப்பாள். என்னால் முடியவில்லை.

"அம்மா, மன்னிப்புக் கேக்காதே."

"இல்ல, கேக்கணும்."

"கேக்காதேம்மா. நீ நெனச்சதுதான் சரி."

அம்மா புரியாமல் பார்த்தாள். அந்தப் பக்கம் பாடகி பாட்டை முடித்துவிட்டாள். கைத்தட்டல் கேட்டது. அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். "அந்தச் சட்டை அவனோடது. தோகார்னு பேரு. மூணு வருஷமா ஒரே ரூம்லதான் இருக்கோம். நான் நட்டது பொய்ம்மா. ஜனவரியில நாங்க ரெண்டு பேரும்..."

அம்மாவின் கை என் கையை விட்டது. அவள் முகத்தில் என்ன வரும் என்று நான் ஆயிரம் முறை நினைத்துப் பார்த்து வைத்திருந்தேன். கோபம், அழுகை, மயக்கம், எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. அம்மா அவற்றில் எதையும் செய்யவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். வயலுக்கு மேல் கறுப்பு மேகம் எங்கள் பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் லின்தாங்கின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுத்த கணம் அம்மாவின் உள்ளங்கை என் வாயை அழுத்தி மூடியது.

"மெதுவா பேசுடி" என்றாள் அம்மா. குரலே வரவில்லை, காற்று மட்டும்தான் வந்தது. "மேல கேட்டுடப் போகுது. விருந்து முடியட்டும்."

அவள் கண் வானத்திலேயே இருந்தது. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையை மட்டும் என் வாயிலிருந்து எடுக்கவே இல்லை.